மாஸ்க் விழுந்ததும் ஏர்ஹோஸ்டஸ்கள் ஏன் உட்கார்ந்துகொண்டார்கள்?

தம்பி, உங்கள் பதிவில் நாலைந்து கேள்விகள் கலந்து கிடக்கின்றன. நான் புரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். மகளின் பிரசவத்துக்காக மார்த்தாண்டத்திலிருந்து கிளம்பி, திருவனந்தபுரத்தில் ஷார்ஜா விமானம் ஏறியிருக்கிறார் உங்கள் அம்மா. முக்கால் மணி நேரம் கழித்து, கடலுக்கு மேலே, தலைக்கு மேலிருந்து மஞ்சள் மாஸ்க்குகள் தொங்கி விழுந்திருக்கின்றன. விமானம் ‘தலைகுப்புற’ கீழே போயிருக்கிறது. அம்மாவின் மாஸ்க்கில் பை உப்பவில்லை. ஏதோ கருகுகிற வாடை. சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து தங்கள் மாஸ்க்கை மாட்டிக்கொண்டார்கள், கூப்பிட்டும் வரவில்லை. பைலட் ரொம்ப நேரம் வாய் திறக்கவில்லை. அப்புறம் தாழ்வாகவே பறந்து திருவனந்தபுரத்திலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். அம்மாவுக்கு இடது காது இன்னும் அடைத்தே இருக்கிறது, இனிமேல் ஃப்ளைட்டே வேண்டாம் என்கிறார். ‘பயிற்சி இல்லாத ஆட்களா இவர்கள்?’ என்று முடித்திருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொன்று இருக்கிறது என்று நினைக்கிறேன்: காப்பாற்ற வேண்டியவர்கள் என் அம்மாவை அம்போ என்று விட்டுவிட்டார்களா? நீங்கள் விவரித்திருக்கும் முதல் ஐந்து நிமிடத்தைப் பொறுத்தவரை, இல்லை. அதற்குப் பிறகு நடந்ததில் எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலைக்காரி. இருபது வருடத்துக்கு மேல் கேபின் குரூவாகப் பறந்தேன், பெரும்பாலும் வளைகுடா வழியில். கடைசிக் காலத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்தேன். நான் பைலட்டும் இல்லை, டாக்டரும் இல்லை. காக்பிட்டுக்குள் நடப்பதைப் பைலட்டுகளோடு சேர்ந்து எடுத்த பயிற்சியிலிருந்து சொல்கிறேன். அந்தக் குறிப்பிட்ட விமானத்தில் எது பழுதானது என்பதை உங்கள் பதிவை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பில் யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

வளைகுடா போகிற விமானம் 35,000 அடியை ஒட்டிப் பறக்கும். எவரெஸ்ட்டை விட ஏறத்தாழ ஆறாயிரம் அடி அதிகம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் கால் பங்குதான். குளிர் பூச்சியத்துக்குக் கீழே 54 டிகிரி. உள்ளே உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுகிறவருக்கு இது எதுவும் உறைக்காமல் இருப்பதற்குக் காரணம், பெரும்பாலான விமானங்களில், இன்ஜின் அழுத்துகிற காற்றில் கொஞ்சத்தை எடுத்துக் குளிரவைத்துக் கேபினுக்குள் ஓயாமல் செலுத்திக்கொண்டே இருப்பதுதான். வால் பக்கம் ஒரு வால்வு இருக்கிறது. எவ்வளவு காற்று வெளியே போகலாம் என்பதை அது திறந்தும் மூடியும் பார்த்துக்கொள்ளும். வரவுக்கும் செலவுக்கும் உள்ள அந்தக் கணக்குதான் கேபின் பிரஷர். உள்ளே இருக்கும் அழுத்தத்தை 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமமாக வைப்பார்கள். ஊட்டியே சுமார் 7,350 அடி. ஆக ஷார்ஜா போய்ச் சேரும் நாலு மணி நேரமும் நாம் இழுப்பது ஏறக்குறைய ஊட்டிக் காற்று.

பிரஷர் போனது என்றதும் எல்லோரும் விமானத்தில் ஓட்டை என்றுதான் நினைக்கிறார்கள். அப்படியும் நடந்திருக்கிறது. 2024 ஜனவரி 5 அன்று அமெரிக்காவில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானம் ஒன்றில், சுமார் 15,000 அடியில், பக்கவாட்டில் பயன்படுத்தாத வாசலை மூடியிருந்த ஒரு அடைப்புக் கதவே பிய்த்துக்கொண்டு போனது. அதைப் பிடித்துவைக்க வேண்டிய நான்கு போல்ட்டுகள் மாட்டப்படவே இல்லை. ஆனால் ஓட்டை இல்லாமலும் பிரஷர் போகும். காற்று செலுத்தும் சாதனம் நின்றுபோகலாம், வால்வு சரியாக மூடாமல் போகலாம், கதவின் ரப்பர் கசியலாம். ஓட்டை விழுந்தால் வெடிச்சத்தம் கேட்கும், ஈரக்காற்று சட்டென்று குளிர்ந்து கேபின் முழுக்க வெள்ளையாகப் பனிமூட்டம் கிளம்பும், அதைப் புகை என்று நினைத்து அலறுவார்கள், காகிதமும் டம்ளரும் பறக்கும். அம்மா இதில் எதையும் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. அதனால் மெல்ல மெல்ல இறங்கிய பிரஷராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்பது என் ஊகம். ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளழுத்தம் 14,000 அடிக்குச் சமமான நிலைக்குப் போனதும் மாஸ்க் பெட்டிகள் தானாகத் திறந்துவிடும். பைலட் ஒரு சுவிட்சைத் தட்டியும் திறக்கலாம்.

இனி அவசரத்துக்கு வருவோம். 35,000 அடியில் மாஸ்க் இல்லாத ஒருவருக்குப் புத்தியோடு ஒரு காரியம் செய்யக் கிடைக்கிற நேரம் 30 முதல் 60 வினாடி. 40,000 அடியில் 15 முதல் 20 வினாடி. பிரஷர் ஒரேயடியாகப் போனால் இதுவும் பாதியாகும். எழுந்து நடந்தாலோ பாரத்தைத் தள்ளினாலோ இன்னும் குறையும். இதில் மோசம் என்னவென்றால், ஆக்ஸிஜன் குறைவது நமக்கே தெரியாது. குளச்சல், கடியபட்டணம் பக்கம் பாறையில் சிப்பி எடுக்க முங்குகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு அடியில் இருக்கும்போது நெஞ்சு முட்டும், மேலே போ, மேலே போ என்று உடம்பு உந்தும். அந்த உந்துதலைக் கிளப்புவது பெரும்பாலும் வெளியே விட முடியாமல் உள்ளே சேர்கிற கரியமில வாயு. ஆக்ஸிஜன் குறைவதற்கு அதில் பங்கு கம்மி. விமானத்தில் மூச்சு தாராளமாகப் போய் வருகிறது, கரியமில வாயு வெளியேறிக்கொண்டே இருக்கிறது. அதனால் நெஞ்சு முட்டாது. விரல் நுனி மரக்கும், நகம் நீலம் பாரிக்கும், பார்வையின் ஓரம் இருளும். பலருக்குக் காரணமே இல்லாத ஒரு சந்தோஷம் வரும். ‘எனக்கு ஒண்ணும் இல்ல’ என்று சிரித்துக்கொண்டே சாய்ந்துவிடுவார்கள். பெங்களூருவில் விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிறுவனத்தில் காற்றழுத்தத்தைக் குறைத்துக் காட்டுகிற அறை உண்டு. விமானப்படையிலிருந்து வந்த கேப்டன் ஒருவர் அங்கே தாளில் கழித்தல் கணக்குப் போட்ட கதையைச் சொல்வார். எல்லாம் சரியாகப் போட்டுவிட்டோம் என்ற நிறைவோடு பேனாவைக் கீழே வைத்தாராம். மாஸ்க் மாட்டிய பிறகு பார்த்தால் கடைசி வரிகள் வெறும் கிறுக்கல்.

‘முதலில் உங்கள் மாஸ்க், பிறகு குழந்தைக்கு’ என்று நாங்கள் ஒவ்வொரு தடவையும் சொல்வது இதனால்தான். நம்ம ஊர் அம்மாக்களிடம் எவ்வளவு சொன்னாலும் ஏறாத விதி இது. மடியில் பிள்ளை இருக்கும்போது தன் மூக்கை எப்படி முதலில் மூடுவது என்கிற கூச்சம். பிள்ளை கொஞ்ச நேரம் மயங்கினாலும் மாஸ்க் வைத்ததும் தெளிந்துவிடும். அம்மா மயங்கிவிட்டால், திமிறுகிற பிள்ளைக்கு மாஸ்க் வைக்க ஆளில்லை. எங்களுக்கும் அதே கணக்குதான், ஒரே வித்தியாசம், எங்கள் மடியில் நூற்று எண்பது பேர்.

காக்பிட்டில் வேலை தொடங்குவதும் மாஸ்க்கில்தான். பைலட்டின் இருக்கைக்குப் பக்கத்திலேயே ஒற்றைக் கையால் இழுத்து ஐந்து வினாடிக்குள் மாட்டிக்கொள்கிற மாதிரி ஒரு மாஸ்க் இருக்கிறது. வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் அதை மாட்ட வேண்டும். பிறகு, இரண்டு பேரும் மாஸ்க் வழியாகப் பேசிக்கொள்ள முடிகிறதா என்று பார்ப்பார்கள். பிரஷரை மீட்க முடியாது என்று தெரிந்தால் இறக்கம். இன்ஜினின் சக்தியை அடியோடு குறைப்பார்கள், இறக்கைக்கு மேலே உள்ள தகடுகளை நிமிர்த்துவார்கள், மூக்கைச் சாய்த்து, விமானம் தாங்கக்கூடிய வேகத்தின் எல்லைவரை விடுவார்கள். விமானத்தைத் தரைக்கு அடையாளம் காட்டுகிற டிரான்ஸ்பாண்டர் கருவியில் 7700 என்று போட்டால் தரையில் உள்ள கட்டுப்பாட்டாளரின் திரையில் இந்த விமானம் ஆபத்தில் இருப்பது தனியாகத் தெரியும். வழியில் கீழே பறக்கிற மற்ற விமானங்களை அவர் விலக்கிவிடுவார். இலக்கு 10,000 அடி. ஆரோக்கியமான ஆள் அங்கே மாஸ்க் இல்லாமல் சும்மா மூச்சுவிடலாம். 35,000 அடியிலிருந்து அங்கே வந்து சேர நாலைந்து நிமிடம் ஆகும். பத்துப் பதினைந்து நிமிடம் விழுந்துகொண்டே இருந்தோம் என்று அம்மா சொல்வதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன், பயத்தில் நேரம் அப்படித்தான் நீளும். ஆனால் கடிகாரத்தில் அவ்வளவு இருந்திருக்காது. இன்ஜின் சத்தம் அடங்கியதால் ‘இன்ஜின் நின்னுபோச்சு’ என்று யாராவது கத்தியிருப்பார்கள். நிமிர்ந்த தகடுகளில் காற்று மோதி விமானம் தடதடத்திருக்கும். இரண்டுமே இறக்கத்தின் பாகம்.

சொல்லப்போனால், அம்மா பயந்த அந்த இறக்கம்தான் அன்றைக்கு அங்கே கிடைத்த வைத்தியம். அது கிடைக்காமல் போன ஒரு விமானம் உண்டு. 2005 ஆகஸ்ட் 14, சைப்ரஸின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸுக்குக் கிளம்பிய ஹீலியோஸ் 522, போயிங் 737. முந்தின இரவு தரையில் நடந்த சோதனைக்காகப் பிரஷர் சுவிட்சைத் தானியங்கி நிலையிலிருந்து கைமுறைக்கு மாற்றியிருந்தார்கள், அது திரும்ப மாற்றப்படவில்லை. பைலட்டுகளும் கவனிக்கவில்லை. விமானம் ஏறும்போது எச்சரிக்கை ஒலித்தது. அதே ஒலி, புறப்படும்போது விமானத்தின் அமைப்பு சரியில்லை என்றாலும் வரும். அவர்கள் அதுவென்று நினைத்துத் தரையிலிருந்த இன்ஜினியரிடம் பேசிக்கொண்டே இருந்தார்கள், பேச்சு குழறியது, நின்றது. கேபினில் மாஸ்க்குகள் விழுந்தன. விமானம் இறங்கவில்லை, தானியங்கி ஓட்டத்தில் 34,000 அடிவரை ஏறிப் போய் ஏதென்ஸ் பக்கம் வட்டமடித்துக்கொண்டிருந்தது. பயணிகளின் மாஸ்க்கில் இருந்த ஆக்ஸிஜன் பன்னிரண்டு நிமிடத்துக்குத்தான். பக்கத்தில் பறந்துவந்த கிரேக்கப் போர்விமானிகள் பார்த்தபோது கேப்டனின் இருக்கை காலி, துணை விமானி சாய்ந்து கிடந்தார். கடைசியில் ஒரு கேபின் ஊழியர், கையடக்க ஆக்ஸிஜன் சிலிண்டரின் தயவால் நினைவோடு இருந்தவர், காக்பிட்டுக்குள் நுழைந்துவிட்டார். அதற்குள் எரிபொருள் தீர்ந்தது. 121 பேரும் போனார்கள். இந்தச் சம்பவத்தைச் சொல்லாமல் நான் ஒரு வகுப்பையும் முடித்ததில்லை. மாஸ்க் விழுந்த பிறகு விமானம் கீழே சாயவில்லை என்றால்தான் எங்களுக்கு அடிவயிறு கலங்கும். உடனே காக்பிட்டைக் கூப்பிடு, பதில் வரவில்லையென்றால் சிலிண்டரோடு கதவுக்குப் போ என்பது அதற்கப்புறம் பயிற்சியில் அழுத்திச் சொல்லப்படுகிற பாடம்.

இப்போது அந்தப் பெண்கள். எங்களுக்குச் சொல்லித்தருவது இதுதான்: மாஸ்க் கண்ணில் பட்டதும் கையில் இருப்பதை விடு, கிட்டே தொங்குகிற மாஸ்க்கைப் பிடி, கிட்டே இருக்கிற இருக்கையில் உட்கார், பெல்ட் போடு. காலி இருக்கை இல்லையா, பயணியின் மடியில் உட்கார், இல்லாவிட்டால் தரையில் உட்கார்ந்து இருக்கையின் காலைக் கட்டிப்பிடி. குரூவுக்கென்று இருக்கிற மடக்கு இருக்கையான உன் ஜம்ப் சீட்டுக்கு ஓடாதே. நடுவழியில் தள்ளுவண்டி இருந்தால் பிரேக்கை மிதித்து, முடிந்தால் இருக்கைகளுக்கு இடையில் குறுக்காகத் திருப்பிவிடு, சரிந்த தரையில் அது உருண்டால் கால் எலும்பு மிஞ்சாது. ‘மாஸ்க்கை இழுங்கள், மாட்டுங்கள்’ என்று கத்து, ஆனால் உன் மாஸ்க்கைக் கழற்றாதே. அம்மா கூப்பிட்டபோது அவர்கள் எழுந்து வந்திருந்தால் நாலாவது வரிசைக்கு முன்னாலேயே சுருண்டு விழுந்திருக்கலாம். அப்புறம் பத்தாயிரம் அடியில் எழுந்து நடக்க வேண்டிய ஆள் ஒன்று குறைந்திருக்கும்.

நிற்பவருக்கு என்ன ஆகும் என்பதற்கு எங்கள் துறையில் மறக்க முடியாத நாள் 1988 ஏப்ரல் 28. ஹவாய் தீவுகளில் ஹிலோவிலிருந்து ஹொனலூலு போன அலோஹா 243, 24,000 அடியில் இருக்கும்போது முன்பக்கக் கூரையில் பெரிய துண்டு அப்படியே உரிந்து போனது. கடல்காற்றின் உப்பும், பல்லாயிரம் தடவை ஏறி இறங்கியதால் வந்த உலோகச் சோர்வும் காரணம். நின்று பரிமாறிக்கொண்டிருந்த கிளாராபெல் லான்சிங் என்ற மூத்த பணிப்பெண் வெளியே வீசப்பட்டார். உடல்கூடக் கிடைக்கவில்லை. பெல்ட் போட்டிருந்த பயணிகள் அத்தனை பேரும், வானம் பார்த்த இருக்கைகளில், பிழைத்துக்கொண்டார்கள். விமானத்தில் இருந்த 95 பேரில் இறந்தவர் அவர் ஒருவர்தான்.

பை உப்பாத விஷயம். இதற்காக நான் எத்தனை பேருக்குப் பதில் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. பை உப்ப வேண்டிய அவசியமே இல்லை. அது வருகிற ஆக்ஸிஜனைச் சேர்த்துவைக்கிற ஒரு இடம், வேகமாக மூச்சு வாங்குகிறவருக்கு அது சப்பையாகவே கிடக்கும். நாங்கள் செய்முறை காட்டும்போது ‘பை உப்பாவிட்டாலும் ஆக்ஸிஜன் வரும்’ என்று சொல்வது அதற்காக, ஆனால் அந்த நேரம் எல்லோரும் போனில் இருப்பார்கள். கருகல் வாடையும் அப்படித்தான். இந்த வழியில் ஓடுகிற சின்ன விமானங்களில் தலைக்கு மேலே ஆக்ஸிஜன் சிலிண்டர் கிடையாது, சோடியம் குளோரேட் நிரப்பிய ஒரு குடுவைதான் இருக்கிறது. மாஸ்க்கைக் கீழே இழுத்தால் அதன் கயிறு ஒரு ஊசியை விடுவிக்கும், குடுவைக்குள் ரசாயன மாற்றம் தொடங்கி ஆக்ஸிஜன் பிறக்கும். குடுவை கைவைக்க முடியாதபடி சுடும், மேலே படிந்திருக்கும் தூசி பொசுங்கும். ஆகவே வாடை வந்தது என்றால் குடுவை வேலை செய்தது என்று அர்த்தம். ஒருமுறை தொடங்கினால் நிறுத்த முடியாது, பன்னிரண்டு நிமிடத்துக்குக் குறையாமல் ஓடித் தீரும். இறங்க நாலைந்து நிமிடம்தான் என்பதால் அது போதும். பெரும்பாலான விமானங்களில் ஒரு பெட்டியில் உள்ள எந்த மாஸ்க்கை இழுத்தாலும் அந்தப் பெட்டிக்கான குடுவை தொடங்கிவிடும். யாருமே இழுக்காமல், தொங்குகிற மாஸ்க்கை எட்டி மூக்கில் வைத்துக்கொண்டால் ஒன்றும் வராது. இழுத்தாரா என்று அம்மாவிடம் கேளுங்கள். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடினாரா என்றும் கேளுங்கள். 2018 ஏப்ரலில் அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் விமானம் ஒன்றில் இன்ஜின் உடைந்து, ஜன்னல் போய், பிரஷர் போனபோது பயணிகள் எடுத்த படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. அதில் பலர் வாயை மட்டும் மூடி மூக்கை வெளியே விட்டிருந்தார்கள். கொரோனா காலத்து நம் கடைத்தெரு மாதிரி.

பைலட் பேசாமல் இருந்ததற்கு என் பதில்: முதல் நிமிடங்களில் அவர் வாய் கேபினுக்கு உரியதல்ல. விமானத்தை ஓட்டு, எங்கே போகிறாய் என்று பார், பிறகு பேசு என்பது அவர்களின் வரிசை. அதிலும் முதல் பேச்சு கட்டுப்பாட்டாளரிடம். ‘எமர்ஜென்சி டிசென்ட்’ என்று இரண்டு தடவை ஒலிபெருக்கியில் சொல்லியிருக்கக்கூடும். மாஸ்க்குக்குள்ளிருந்து வருகிற குரல் மூச்சிரைப்போடு கரகரக்கும், அலறல் சத்தத்தில் பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. அவர் சொல்லவே இல்லையா, சொன்னது கேட்கவில்லையா என்பதை இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல என்னால் முடியாது.

பத்தாயிரம் அடிக்கு வந்து விமானம் சமநிலைக்கு வந்த பிறகு கதை வேறு. மாஸ்க்கைக் கழற்றலாம் என்று காக்பிட்டிலிருந்து அறிவிப்பு வரும். கேபின் குரூ கையடக்கச் சிலிண்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுவார்கள். முதலில் காக்பிட்டில் இருப்பவர்கள் நலமா என்று கேட்பார்கள். அப்புறம் ஒவ்வொரு வரிசையாகப் பார்வை. கழிப்பறைக் கதவுகளைத் திறந்து பார்க்க வேண்டும், மாஸ்க் விழும்போது உள்ளே இருந்தவரை யாரும் நினைக்க மாட்டார்கள். மயங்கியவர், நெஞ்சுவலிக்காரர், ஆஸ்துமாக்காரர், கர்ப்பிணி, கைக்குழந்தை என்று தேடித்தேடிப் பார்த்து வேண்டியவருக்கு ஆக்ஸிஜன் வைக்க வேண்டும். பெல்ட் இல்லாமல் அடிபட்டவருக்கு முதலுதவி. தொங்குகிற மாஸ்க்குகளைத் திரும்பப் பெட்டிக்குள் திணிக்க வேண்டாம், சூடு இருக்கும் என்று சொல்ல வேண்டும். இதையெல்லாம் செய்துகொண்டே என்ன நடந்தது, எங்கே போகிறோம் என்பதைப் பயணியின் கண்ணைப் பார்த்து, அவருக்குப் புரிகிற பாஷையில் சொல்ல வேண்டும். திருவனந்தபுரம் விமானத்தில் பாதிப்பேர் நம் மாவட்டத்துக்காரர்களாக இருப்பார்கள். ஆங்கிலத்திலும் இந்தியிலும் அறிவித்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருப்பது எனக்கு ஒருநாளும் ஒப்பாத விஷயம். ‘இறங்குறவரைக்கும் ஒருத்தரும் என்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேக்கல’ என்று அம்மா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது அப்படியே நடந்திருந்தால் அது குறைதான், அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். முதல் ஐந்து நிமிடம் வராதது விதி. அடுத்த ஒரு மணி நேரம் வராததற்கு விதி இல்லை.

ஏன் தாழ்வாகவே வந்தார்கள், ஷார்ஜாவுக்கே போயிருக்கலாமே என்றும் கேட்டிருந்தீர்கள். மேலே ஏறினால் மறுபடி மாஸ்க் வேண்டும், பயணிகளின் குடுவைகள் எரிந்து தீர்ந்துவிட்டன. தாழ்வில் ஜெட் விமானம் எரிபொருளைக் கண்டபடி குடிக்கும், வேகமும் வராது. நடுக்கடலில் மிக மோசமான இடத்தில் பிரஷர் போனாலும் பத்தாயிரம் அடியிலேயே பறந்து ஏதாவதொரு விமான நிலையத்தை எட்டும் அளவுக்கு எரிபொருள் கணக்குப் போட்டுத்தான் கிளம்புகிறார்கள். அந்தக் கணக்கு அருகிலுள்ள நிலையத்துக்குத்தான், ஷார்ஜா வரைக்கும் இல்லை. முக்கால் மணி நேரத் தொலைவில் திரும்பி வந்தது எனக்கு நியாயமாகவே படுகிறது. கீழே கடல் இருந்ததும் ஒருவகையில் வசதி. இதே சம்பவம் மூணாறுக்கு மேலே நடந்திருந்தால் ஆனைமுடியின் 8,842 அடியும், மலைப்பகுதியில் சிகரத்துக்கு மேலே விட வேண்டிய 2,000 அடியும் சேர்ந்து, பத்தாயிரத்துக்கு நேராக இறங்க விட்டிருக்காது. சற்று மேலேயே நின்று, மலையைத் தாண்டிய பிறகு மிச்சத்தை இறங்க வேண்டியிருக்கும். இமயமலைக்கு மேலே பறக்கிறவர்களுக்கு இது இன்னும் பெரிய தலைவலி. எந்தப் புள்ளியில் பிரஷர் போனால் எந்தப் பக்கம் திரும்பித் தப்புவது என்று கிளம்பும் முன்பே வரைந்துவைத்திருப்பார்கள்.

காது பற்றி. விமானம் வேகமாக இறங்கும்போது கேபினுக்குள் அழுத்தம் வேகமாக ஏறும், நடுக்காதுக்குள் பழைய குறைந்த அழுத்தமே இருக்கும். தொண்டைக்கும் காதுக்கும் நடுவில் உள்ள குழாய் திறந்தால் சமமாகிவிடும். சளி, ஜலதோஷம் இருந்தால் திறக்காது, செவிப்பறை உள்ளே இழுபட்டு வலிக்கும், சிலருக்கு ரத்தக்கசிவுகூட வரும். 2018 செப்டம்பர் 20 அன்று மும்பையிலிருந்து ஜெய்ப்பூர் கிளம்பிய ஜெட் ஏர்வேஸ் விமானத்தில், இன்ஜினிலிருந்து காற்று எடுக்கும் சுவிட்சுகளைப் போடாமலேயே ஏறிவிட்டார்கள். சுமார் முப்பது பேருக்கு மூக்கிலும் காதிலும் ரத்தம் வந்தது. விமானம் மும்பைக்கே திரும்பியது. அம்மாவுக்கு அடைப்பு இத்தனை நாள் நீடிப்பதால் வீட்டு வைத்தியமாக எண்ணெய் எதுவும் விடாமல் நாகர்கோவிலில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். செவிப்பறையைப் பார்த்து அவர் சரி சொல்லும்வரை அடுத்த டிக்கெட் போட வேண்டாம். போகும்போது விமானம் இறங்கத் தொடங்குகிற அந்தக் கடைசி அரைமணி நேரம் அம்மாவைத் தூங்க விடக் கூடாது என்று பக்கத்தில் உட்காருபவரிடம் சொல்லி வையுங்கள். எச்சில் விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும், அல்லது சிப்பிக்காரர்கள் செய்கிற மாதிரி மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாக ஊத வேண்டும். பலமாக ஊதக் கூடாது.

விமான நிறுவனத்துக்கு எழுதப் போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். எழுதுங்கள், அரசின் ஏர்சேவா தளத்திலும் பதியலாம். தேதி, விமான எண், இருக்கை எண் மூன்றும் இருக்கட்டும். பணிப்பெண்கள் உட்கார்ந்துகொண்டார்கள், பை உப்பவில்லை, வாடை வந்தது என்பதையெல்லாம் எழுதினால் முதல் பத்தியைப் படித்ததுமே அச்சடித்த பதில் ஒன்றை அனுப்பிவிடுவார்கள். சமநிலைக்கு வந்த பிறகு யாரும் வந்து பார்க்காததையும், தமிழிலோ மலையாளத்திலோ அறிவிப்பு இல்லாததையும் எழுதுங்கள். மாஸ்க்கைப் பலமாக இழுத்த பிறகும் அம்மாவின் வரிசையில் வாடையும் வரவில்லை, காற்றும் வரவில்லை என்று அம்மா உறுதியாகச் சொன்னால் அதை முதல் வரியாக வையுங்கள். அந்த வரிசை எண்ணை வைத்துத்தான் இன்ஜினியர்கள் அந்தக் குடுவையைக் கழற்றிப் பார்ப்பார்கள்.